தோலிலிருந்து தாருக்கு: ஒரு பரிசலின் கதை

காவிரியில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்கும் இடம் அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் இருக்கிறது. பிலிகுண்டுலு என்ற அந்தப் பெயர் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் பழக்கம். 2007இல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. கர்நாடகமும் தமிழ்நாடும் கன அடி கன அடியாக எண்ணி வாதாடுகிற இந்த ஆற்றில், எந்த வழக்கிலும் சேராமல் இரு கரைக்காரர்களுக்கும் பொதுவாக மிதந்துகொண்டிருக்கிற பொருள் ஒன்று உண்டு. மூங்கிலில் முடைந்த வட்டப் பரிசல்.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் வாரம் முழுக்க ஷிப்டு பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுச் சாலையில் இறங்கி ஒகேனக்கல் வருகிறார்கள். எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், அப்புறம் பரிசல். அரை நாளில் எல்லாம் முடிந்து, இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுகிறார்கள். அவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போகும் அந்தப் பரிசலின் அடித்தட்டு எங்கிருந்து கிளம்பி, எத்தனை தடவை மேல்தோலை மாற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

பரிசல் பிறப்பது மூங்கில் புதரில். சரியான மூங்கிலைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இளமூங்கிலில் ஈரமும் மாவுச்சத்தும் அதிகம். வண்டு துளைத்துச் சீக்கிரம் உளுத்துவிடும். முற்றியதை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, கணுவைச் சீவிப் பிளாச்சாக்குவார்கள். பிளாச்சுகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி அடிப்பகுதியை முடைந்ததும், அதன் நடுவில் கனமான கற்களை ஏற்றுவார்கள். கல்லின் பாரத்தில் அடி அசையாமல் நிற்கும். சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்புக்கென்று செய்த மூங்கில் வளையத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால், தரையில் பாயாகக் கிடந்தது எழுந்து பரிசலாகிவிடும். குறுக்களவு 6 அடிக்கு மேல் இருக்கும். பழகிய கைகளுக்கு இது ஒரு நாள் வேலை.

முடைவும் கட்டும்தான் அதன் பலம். பலகைப் படகு பாறையில் மோதினால் பலகை பிளக்கும், ஆணி பிடுங்கிக்கொள்ளும். பரிசல் மோதினால் ஒரு நொடி உள்ளே அமுங்கி, வட்டமாக இருப்பதால் அப்படியே சுழன்று, பாறையை விட்டு விலகிவிடும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடி தட்டை என்பதால் முழங்கால் அளவு தண்ணீரிலும் ஓடும். ஒகேனக்கல் பாறைகள் சுமார் 240 கோடி ஆண்டுப் பழமையானவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். அவற்றைக் குடைந்து, பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆற்றில் கூர்மூக்கும் ஆழ்ந்த அடிக்கட்டையும் உள்ள படகு பிழைக்காது. இந்த ஆற்றுக்கு எது பொருந்தும் என்று ஆறே பல தலைமுறை சோதித்துத் தேர்ந்தெடுத்த வடிவம் இது.

முடைந்த மூங்கிலில் தண்ணீர் புகாமல் இருக்க வேண்டுமே. அதற்குத்தான் தோல். மாட்டுத்தோலை ஈரத்தோடு இழுத்துப் போர்த்தித் தைத்துக் காயவிட்டால், அது மூங்கிலோடு ஒட்டி இறுகிவிடும். ஆலம்பாடி மாடு என்று பேர் பெற்ற இனம் இந்தக் காவிரிக் கரையைச் சேர்ந்ததுதான். காட்டுக்குள் பட்டி போட்டு மாடு மேய்த்த சீமையில் மூங்கிலும் தோலும் ஒரே இடத்தில் கிடைத்தன. பரிசலுக்கான எந்தப் பொருளும் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை.

தோல் போர்த்திய வட்டப் படகு நம்முடையது மட்டுமல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனில் பார்த்ததாக எழுதியிருக்கும் படகுகள் கேடயம்போல் வட்டமானவை. வடக்கே மலைநாட்டில் மரக்கிளையால் சட்டம் கட்டி, தோல் போர்த்தி, சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு இறங்கி வருவார்களாம். சரக்கை விற்ற பிறகு சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு கரைவழியே ஊர் திரும்புவார்களாம். வேகமான நீரை எதிர்த்து அந்தப் படகை ஓட்ட முடியாது என்பதே காரணம். ஒகேனக்கல்லில் இன்றைக்கும் ஆற்றோடு இறங்கிய பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறையிலும் மணலிலும் மேலே நடந்து வருகிற பரிசல்காரரைப் பார்க்கலாம். கழுதை இல்லை, மற்றபடி அதே கணக்கு.

ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றில் ஓடிய வட்டப் படகுகளுக்குத் தோல் கிடையாது. கூடையாகப் பின்னி, மண்ணிலிருந்து ஊறும் கீலை மேலே பூசிவிடுவார்கள். பாபிலோனியக் களிமண் ஏடு ஒன்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் படித்து 2014இல் வெளியிட்டார். ஏறக்குறைய 3,700 ஆண்டுப் பழமையான அந்த ஏட்டில், பெருவெள்ளத்திலிருந்து தப்புவதற்காகக் கட்டச் சொல்லும் கப்பல் வட்ட வடிவம். கயிற்றால் பின்னி, கீல் பூசச் சொல்கிறது. அதைச் சிறிய அளவில் கட்டிப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் கேரளத்துக் காயல்கரை. வேல்ஸ் நாட்டின் டைவி ஆற்றில் மீன்பிடிக்கிறவர்கள் ஆளுக்கொரு சிறு பரிசலை முதுகில் சுமந்துகொண்டு நடப்பார்கள். திபெத்தில் கவரிமாட்டுத் தோல். உள்ளூரில் கிடைத்ததை எடுத்து மனிதன் செய்துகொண்ட முதல் படகுகளில் இதுவும் ஒன்று என்று சொல்லலாம்.

தென்னிந்தியப் பரிசலைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் அருமையான சாட்சி டொமிங்கோ பயஸ். 1520ஐ ஒட்டி விஜயநகரம் வந்த இந்தப் போர்த்துகீசியர், துங்கபத்திரையைக் கடந்து ஆனேகுந்திக்குப் போகும் வழியில் கூடைபோல் வட்டமான, வெளியே தோல் போர்த்திய படகுகளைக் கண்டார். 15, 20 பேரைச் சுமக்கும், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட ஏறும், ஓட்டும்போது சுற்றிக்கொண்டே போகும் என்று குறித்துவைத்தார். சுற்றுவது அவருக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். இன்றைக்குச் சுற்றிவிடச் சொல்லித்தான் நம் பிள்ளைகள் பரிசல்காரரிடம் கெஞ்சுகிறார்கள்.

பரிசல் போருக்கும் போயிருக்கிறது. 1803இல் மராத்தியர்மேல் படையெடுத்தபோது ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு ஆகி நெப்போலியனை வென்றவர், படை ஆறு கடப்பதற்குத் தோல் போர்த்திய கூடைப் படகுகளைச் செய்ய உத்தரவிட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல்தான் பரிசலை ஆராய்ச்சிக்குரிய பொருளாக நிறுத்தினார். ஓய்வுபெற்ற பிறகு, 1933இல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். மீனவர்களின் பொருள்களை அக்கறையோடு பார்த்த அதிகாரிகள் குறைவு. அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டே, 1934இல், மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாறை இடுக்குகளில் ஓடிய பரிசலுக்கு அகன்ற நீர்த்தேக்கம் ஒன்று கிடைத்தது. கரை தொடாத தண்ணீரில் ஒற்றை ஆளாகப் பரிசலில் உட்கார்ந்து வலை வீசுகிற மீனவர்களை மேட்டூரிலும் பவானிசாகரிலும் இன்றும் காணலாம். ஆற்றின் மேற்பகுதியில் வேறொரு வேலையும் இருந்தது. மகசீர் என்கிற பெரும் மீனைத் தூண்டிலில் பிடிக்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1946இல் கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு. தூண்டிலில் சிக்கிய அவ்வளவு பெரிய மீன் நீரோட்டத்தோடு ஓடும்போது பின்னாலேயே போய்க் களைப்படையச் செய்யப் பரிசல்தான் உதவியது. திமில் மகசீர் எனப்படும் அந்த இனம் இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியானது. காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர அதற்கு வேறு வீடு இல்லை.

பரிசலின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் தோல் போனதுதான். தோலைப் பதமாக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. ஓயாமல் நனைந்தால் அழுகும், அதிகம் காய்ந்தால் வெடிக்கும். எலியும் நாயும் கடிக்கும். ஓட்டாத நேரத்தில் கவிழ்த்துப்போட்டு உலர்த்தியாக வேண்டும். யூரியாச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் ஊருக்கு ஊர் வந்ததும், பரிசல்காரர்கள் தோலை விட்டுவிட்டார்கள். சாக்கை விரித்துப் போர்த்தி, சாலைக்குப் போடுகிற தாரைக் காய்ச்சி மேலே பூசுகிறார்கள். டைகிரிஸ் கரையில் கீல் பூசியவர்கள் வந்து சேர்ந்த அதே விடைக்கு நம்மவர்கள் பல ஆயிரம் ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. தார்ப் பரிசல் மலிவு. கிழிந்த இடத்தில் ஒரு துண்டு வைத்துத் தாரை ஊற்றினால் மறுபடியும் ஓடும். இதைக் கலப்படம் என்று சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. எலும்பு மூங்கிலாகவும் வடிவம் வட்டமாகவும் இருக்கும்வரை அது பரிசல்தான்.

இதே கதை வடதுருவப் பகுதியில் பிறந்த ஒரு படகுக்கும் நடந்தது. கிரீன்லாந்து, அலாஸ்காப் பக்கத்து இனூயிட் மக்கள் கடலில் ஒதுங்கிய மரத்தாலும் திமிங்கில எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தது கயாக். ஒருவர் மட்டும் இடுப்புவரை நுழைந்து உட்காரும் ஒல்லிப் படகு. இருபக்கமும் தட்டையான இலையுள்ள ஒரே துடுப்பு. வேட்டைக்குப் போனவர்களின் படகு அது. 1905இல் ம்யூனிக்கில் கட்டடக்கலை படித்த ஆல்ஃபிரெட் ஹாய்ரிஷ் அதை மடக்கிப் பைக்குள் வைக்கிற மாதிரி செய்தார். 1907இல் ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அந்த உரிமையை வாங்கி, தோலுக்குப் பதில் ரப்பர் பூசிய துணி தைத்து விற்கத் தொடங்கினார். நகரத்து மக்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறி ஆற்றுக்குப் போனார்கள். வேட்டைப் படகு விடுமுறைப் படகானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அது போட்டியாயிற்று. பிறகு கண்ணாடி இழை வந்தது. 1970களில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்தது. தோல், துணி, இழை, பிளாஸ்டிக் என்று நான்கு சட்டை மாற்றிய கயாக் இப்போது நம் ஆற்றுக்கும் வந்துவிட்டது. மேகதாட்டுக்கு மேலே, மண்டியா மாவட்டத்துப் பீமேஸ்வரியில், கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தும் முகாமில் பெங்களூர் இளைஞர்கள் கயாக் ஓட்டுகிறார்கள். அங்கே பரிசலும் உண்டு. தோல் போர்த்திப் பிறந்த இரண்டு படகுகள் ஒரே தண்ணீரில்.

அந்தத் தண்ணீர் பீமேஸ்வரியைத் தாண்டி, அர்க்காவதி வந்து சேரும் சங்கமத்தையும் மேகதாட்டின் ஒடுங்கிய பாறைப் பிளவையும் கடந்து, பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல் வருகிறது. நடுவில் இருப்பதெல்லாம் காடு. யானைகள் தண்ணீருக்கு இறங்குகிற, முதலைகள் பாறையில் படுத்திருக்கிற, நீர்நாய்கள் கூட்டமாக மீன் விரட்டுகிற ஆறு. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கி.மீ.க்கு மேல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயத்தையும் ஆற்றின் மறுகரையில் உள்ள கர்நாடகச் சரணாலயத்தையும் இது இணைக்கிறது. கயாக் வாங்கிய யாரும் வனத்துறை அனுமதியில்லாமல் இங்கே இறங்கிவிட முடியாது, கூடாது.

அப்படியானால் ஓசூர்க்காரருக்கு வீட்டுப் பக்கத்தில் படகு விடத் தண்ணீர் இல்லையா என்றால், இருக்கிறது. கெலவரப்பள்ளி அணை ஓசூரை ஒட்டியே இருக்கிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு அங்கே வந்து விழுகிறது. மதகு திறக்கும் நாள்களில் வெள்ளை நுரை பொங்கிப் பாலத்தை மூடுவதைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் படகோட்டம் வளர வேண்டும் என்று பேசுகிற அரசுகள் முதலில் அந்த நுரையைப் பற்றிப் பேச வேண்டும். துடுப்பிலிருந்து தெறிக்கும் தண்ணீர் முகத்தில் படுவதுதான் படகோட்டத்தின் சுகம்; முகத்தில் படக்கூடாத தண்ணீரில் என்ன படகோட்டம்?

பரிசலை ஓட்டுவது எளிதாகத் தோன்றும், எளிதல்ல. பரிசல்காரர் குத்துக்கால் போட்டு முன்பக்கம் உட்கார்ந்து, துடுப்பை எட்டி முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுக்கிறார். பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் பரிசல் நகராது, சுற்றும். முன்னால் இழுத்தால் மட்டுமே நேராகப் போகும். அதற்கும் மேல் தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும். நீர்வரத்து குறைவாக இருக்கும்போது பாறைகள் வெளியே தெரியும். கொஞ்சம் கூடினால் அவை ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். மேலே சிறு மடிப்பு மட்டும் தெரியும். எந்த மடுவில் சுழல் இழுக்கும், மணல் திட்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, கோத்திக்கல் பாறையை எந்த நேரத்தில் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பது பரிசல்காரர்களுக்கு நாள்தோறும் புதிதாகத் தெரிய வேண்டியிருக்கிறது. அவர்களுடைய பிழைப்பும் அந்த நீர்வரத்திலேயே தொங்குகிறது. கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் மதகைத் திறந்தால் இங்கே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். வெள்ளக் காலத்தில் அந்தத் தடை வாரக்கணக்கில் நீளும். வறட்சியில் பாறை மட்டும் மிச்சம். நடுவில் கிடைக்கும் நாள்கள்தான் வருமானம்.

தடை தேவையானதுதான். 2015இல் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து சுற்றுலா வந்த குடும்பத்தினர் பலியானதை மறக்க முடியாது. பரிசலில் எல்லோரும் அடித்தட்டில் உட்கார்ந்து பாரத்தைக் கீழே வைத்திருக்கும்வரை அது சாயாது. படம் எடுக்க இரண்டு பேர் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்தால், விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். ஏறிய பிறகு யாராலும் நிறுத்த முடியாது. உயிர்க்காப்பு உடை இன்றைக்குக் கட்டாயம். வெயிலில் அது புழுங்கும் என்று கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆழமான இடத்தில் காவிரி நீச்சல் தெரிந்தவரையும் கீழே இழுக்கும்.

பரிசலுக்கு இனி வரப்போகும் ஆபத்து தண்ணீரிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. மூங்கிலிலிருந்து வரும். சரணாலயத்துக்குள் மூங்கில் வெட்ட முடியாது. யானைக்கு அது தீவனம், வெட்டவும் வேண்டாம். ஆனால் மூங்கில் கிடைக்காவிட்டால் பரிசல் கட்டுகிற கை வேறு வேலைக்குப் போய்விடும். சில இடங்களில் ஃபைபர் பரிசல்கள் இறங்கிவிட்டன. உடைந்தால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவற்றை முடைந்து சரிசெய்ய முடியாது. கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை 2017 நவம்பரில் மத்திய அரசு வனச் சட்டத்தின் மரப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சொந்த நிலத்து மூங்கிலை விவசாயி வெட்டி விற்கலாம். அஞ்செட்டியில் தொட்டல்லா காட்டாற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் வரப்போரத்தில் நாலு தூர் மூங்கில் வைத்தால், மண் அரிப்பும் குறையும், பரிசல்துறைக்கும் பிளாச்சு கிடைக்கும். சுற்றுலாத் துறை பரிசல் கட்டுகிறவர்களுக்கு அந்த மூங்கிலை வாங்கிக்கொடுக்கட்டும். கயாக் கொண்டுவர நினைக்கிறவர்கள் தாராளமாகக் கொண்டுவரட்டும். ஆனால் முன்னால் வழிகாட்டியாகப் போகிற ஆள் இந்தத் தண்ணீரைப் படிக்கத் தெரிந்த பரிசல்காரராக இருக்கட்டும். அவருக்குச் சம்பளமும் காப்பீடும் கொடுக்கட்டும்.

நீங்கள் ஒகேனக்கல் போனால், உயிர்க்காப்பு உடையைக் கேட்டு வாங்கி, கரை சேரும்வரை கழற்றாதீர்கள். யாராவது எழுந்து நின்றால் உட்காரச் சொல்லுங்கள். பரிசலை ஓட்டுகிறவரிடம், இதைக் கட்டியவர் யார், மூங்கில் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை.